டிரைவர்கிட்ட சொல்லுங்க மாமா

ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் 'எபினேசர்' மினிபஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியவர்களுக்கு அதன் டிரைவர் கிறிஸ்துராஜைத் தெரிந்திருக்கும். கை காட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவான். காட்டாவிட்டாலும், வாளியும் பையுமாக மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிற்பான். கைக்குழந்தையோடு ஏறுகிறவள் உட்காரும்வரை வண்டியை நகர்த்த மாட்டான். வயது முப்பத்தாறு. வெயிலில் கறுத்த முகம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் விழுகிற கன்னக்குழி, காக்கிச் சட்டையில் இரண்டாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு.

அந்த ஊக்கு வந்த கதை சோகமானது. பட்டன் தைத்துக் கொடுக்க வேண்டியவள் இரண்டு வருடமாக மம்சாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள்.

அவள் பெயர் மாரிச்செல்வி. தையல்காரி. கல்யாணத்துக்கு முன்பு ராஜபாளையத்தில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போக, தினமும் இதே எபினேசரில்தான் ஏறுவாள். அவள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் அன்றைக்குப் பார்த்து வண்டியின் டயரில் காற்று குறைந்துவிடும், கிறிஸ்துராஜ் கீழே இறங்கித் தட்டித் தட்டிப் பார்ப்பான். அந்த டயர் விஷயம் ஊருக்கே தெரிந்த பிறகு கல்யாணத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிற அவன் வீட்டாரும், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அவள் வீட்டாரும் ஒரு வருடம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். கேத்ரின் பிறந்ததும் முறைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. காது குத்தும்போது தாய்மாமன் விக்னேஷ்வரன் மடியில் பிள்ளை வீறிட்டு அழ, அவளைவிட அதிகமாக அழுதவன் அந்த விக்னேஷ்வரன்தான்.

அப்படிப்பட்ட குடும்பத்தைப் பிரித்தது ஒரு காய்ச்சல்.

கேத்ரினுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. மாரிச்செல்வி கணவனுக்கு போன் போட்டாள். மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது டிரைவர் கையில் போன் இருக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு, அதனால் அது டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் தன்னந்தனியாக ஆட்டோ பிடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சாயங்காலம் பதறியடித்து வந்து சேர்ந்தவனைப் பார்த்ததும் அவளுக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. பிள்ளைக்கு அப்பன் என்று ஒருத்தன் இருக்கிறானா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். அவனோ பயத்தில் வந்தவன். பயம் அவன் வாயில் கோபமாக மாறி வந்தது. "காய்ச்சல்தான? ஊருல யாருக்கும் வராத காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டான்.

ஒரே ஒரு வாக்கியம். பிள்ளை குணமாகி வீடு திரும்பியபோது, அது ராஜபாளையத்து வீட்டுக்கு அல்ல, மம்சாபுரத்துக்குத் திரும்பியது.

அதோடு நின்றிருந்தால் பெரியவர்கள் பேசித் தீர்த்திருப்பார்கள். ஆனால் கிறிஸ்துராஜ் இன்னொரு காரியம் செய்தான். ஒரு மத்தியானம் மம்சாபுரத்துப் பள்ளிக்கூட வாசலில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது, சீருடையில் நின்ற கேத்ரின் அப்பாவின் வண்டியைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கை காட்டினால் நிறுத்துகிறவன் அல்லவா, நிறுத்தினான். பிள்ளை ஏறினாள். ராஜபாளையம் வரை போய்த் திரும்பி, ஐஸ்கிரீம் ஒழுகும் வாயோடு அதே வாசலில் அவன் அவளை இறக்கிவிட்டபோது, அங்கே ஊரே கூடியிருந்தது. மயங்கி விழுந்த மாரிச்செல்வியை முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்திருந்தார்கள். விக்னேஷ்வரன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போனது தப்பு என்பது கிறிஸ்துராஜுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டும் என்றாள் அவள். வாரக் கடைசியிலாவது என் வீட்டில் வந்து இருக்கட்டும் என்றான் அவன். முடிவு தெரியும்வரை ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. பிள்ளை தாயிடம் இருப்பாள். தகப்பன் சனிக்கிழமை தோறும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் அறையில் அவளைப் பார்க்கலாம், பேசலாம். வேறு எங்கேயும் பார்க்கவோ பேசவோ கூடாது. மீறினால் அந்த இரண்டு மணி நேரமும் போய்விடும் என்று அவனுடைய வக்கீல் தனுஷ்கோடி விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார்.

முதல் சனிக்கிழமை. ஒன்பதே கால் நடையை ஸ்ரீவில்லிபுத்தூரில் முடித்துவிட்டு, வண்டியை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போவதாக ஏற்பாடு. மம்சாபுரம் நிறுத்தத்தில் கிறிஸ்துராஜ் வண்டியை ஓரம் கட்டினான்.

அங்கே மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீல கவுனும் இரட்டைப் பின்னலுமாகக் கேத்ரின்.

பார்க்கக் கூடாத இடம். பேசக் கூடாத இடம். ஆனால் இருவரும் பயணிகள். ஏறாதே என்று சொல்ல முடியுமா? அதைச் சொல்ல வேண்டுமென்றாலும் பேச வேண்டுமே. அவன் சட்டென்று கையை உயர்த்தி, பயணிகளைக் காட்டும் உள் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்தான்.

கண்டக்டர் மொக்கைச்சாமிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எபினேசர் என்று பெயர் போட்ட வண்டியின் முன்னால் தினமும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, ஊதுபத்தி காட்டுகிற ஆள். அவர் இருவருக்கும் டிக்கெட் கிழித்தார். சலுகை காட்டினால் நாளைக்கு அதுவும் கோர்ட்டுக்கு வரும் என்பது அவர் கணக்கு. பிறகு முன்னால் வந்து, "ஏலே, கண்ணாடி எதுக்குலே மோட்டப் பாக்குது? பல்லி ஏதும் டிக்கெட் எடுக்காம வருதா?" என்று கேட்டார். கிறிஸ்துராஜ் கியரை மாற்றி வண்டியை நகர்த்தினான்.

கேத்ரின் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கோர்ட்டில் அப்பாவிடம் பேசலாம், அதுவரை பேசக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை கொஞ்ச தூரம் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஆனால் ஏழு வயது வாய் எவ்வளவு தூரம் தாங்கும்? அவள் கண்டக்டரின் தோல்பையைப் பிடித்து இழுத்தாள்.

"டிரைவர்கிட்ட சொல்லுங்க மாமா, எனக்குப் பல்லு விழுந்துருச்சு."

மொக்கைச்சாமி இரண்டடி முன்னால் வந்து, வண்டி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். "டிரைவர், பாப்பாவுக்குப் பல்லு விழுந்துருச்சாம்."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கூடைக்காரி ஒருத்தியின் கத்தரிக்காய் இரண்டு உருண்டு படிக்கட்டுக்கு ஓடியது. கிறிஸ்துராஜ் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"எந்தப் பல்லுன்னு கேளுங்கண்ணே."

"கீழ்ப் பல்லு. அந்தக் கண்ணாடியத் திருப்பச் சொல்லுங்க, காட்டுதேன்."

கண்ணாடியைத் திருப்பலாமா கூடாதா? உத்தரவில் கண்ணாடியைப் பற்றி என்ன இருக்கிறது? அன்றைக்குத் திருப்பவில்லை. பத்து மணிக்குக் குழந்தைகள் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் வாயைத் திறக்கச் சொல்லி அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தான். பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தன் மகளின் முதல் பல் தான் இல்லாத வீட்டில் விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை தனுஷ்கோடியிடம் ஓடிப் போய் கண்ணாடி விவகாரத்தைக் கேட்டான். வக்கீல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். பின்னால் யார் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் கண்ணாடி, அதைத் திருப்பி வைத்து ஆக்சிடென்ட் ஆனால் வேறொரு கோர்ட்டுக்கு நான் வர வேண்டியிருக்கும் என்றார். ஆனால் பேசக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று மறுபடி விரலை ஆட்டினார்.

அடுத்த சனிக்கிழமை கண்ணாடி இறங்கியது. அதில் இரண்டு கண்கள் இவனைப் பார்த்துச் சிரித்தன. இவன் பார்வையைச் சட்டென்று ரோட்டுக்கு இழுத்துக்கொண்டான்.

அதன் பிறகு சனிக்கிழமை ஒன்பதே கால் நடைக்குக் கூட்டம் கூடத் தொடங்கியது. செண்பகத்தோப்புப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வேலையே இல்லாதவர்கள் என எல்லோரும் ஏறினார்கள். டிவி தொடரை விட இது நன்றாக இருப்பதாக இருளம்மாள் என்கிற கூடைக்காரி வெளிப்படையாகவே சொன்னாள். கேத்ரின் கணக்கில் எடுத்த மார்க்கு, டீச்சர் கட்டி வந்த சேலை, பக்கத்து வீட்டு நாய் போட்ட குட்டிகள் என எல்லாச் செய்தியும் மொக்கைச்சாமியின் வாய் வழியாக டிரைவரிடம் போய்ச் சேர்ந்தன. பதில்களும் அதே வழியில் திரும்பின. ஏழாம் வாய்ப்பாட்டில் பிள்ளை திக்கினால் பின் சீட்டிலிருந்து நாலு பேர் எடுத்துக் கொடுத்தார்கள். மாம்பழக் காலம் வந்ததும், ராஜபாளையத்துச் சப்பட்டைப் பழத்தைத் துணியில் சுற்றி டிரைவர் கண்டக்டரிடம் கொடுக்க, கண்டக்டர் அதை நாலு கை மாற்றி அனுப்ப, பிள்ளை கவுன் முழுக்கச் சாறாக்கிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஆனால் ஒருத்தி மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. மாரிச்செல்வி எப்போதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயருகே பிடித்தபடி வந்தாள். கிறிஸ்துராஜ் கண்ணாடியில் கண்டதெல்லாம் அவள் பின்னலைத்தான். இவளுக்கு இன்னும் என் மேல் வெறுப்பு தீரவில்லை, வேறு பஸ் இல்லாத கொடுமைக்கு இந்த வண்டியில் வருகிறாள் என்று நினைத்துக்கொள்வான். நினைத்ததும் ஸ்டியரிங் கனக்கும்.

அந்த ஆனந்தத்துக்கும் கண் பட்டது. ஜூலை மாதம் தனுஷ்கோடி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. எதிர்த்தரப்பு புதிதாக ஒரு மனு போட்டிருந்தது. கிறிஸ்துராஜ் உத்தரவை மீறி, வாராவாரம் ஓடும் பஸ்ஸில் பிள்ளையைச் சந்திக்கிறான், பேசுகிறான், தின்பண்டம் கொடுத்து மனதைக் கலைக்கிறான். ஆகவே சனிக்கிழமைச் சந்திப்பையும் ரத்து செய்ய வேண்டும், வாரக் கடைசியில் அவன் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. ஆதாரமாக, விக்னேஷ்வரனின் கூட்டாளி ஒருவன் பின் சீட்டிலிருந்து போனில் எடுத்த வீடியோ. மனுவின் கீழே மாரிச்செல்வியின் கையெழுத்து.

மற்றதெல்லாம்கூட அவனைச் சுடவில்லை. அந்தக் கையெழுத்துதான் சுட்டது. தன் சட்டைக் காலரின் உள்பக்கம் நூலால் அவள் தைத்துக் கொடுத்த அதே வளைந்த எழுத்து.

விசாரணை நாளன்று அவன் தன் வண்டியிலேயே பயணியாக ஏறினான். மாற்று டிரைவர் வேகத்தடையில் தூக்கிப் போட்டபோது, "பள்ளத்தப் பாத்து எறக்கு தம்பி" என்று மட்டும் சொன்னான். மொக்கைச்சாமி வழக்கத்தைவிட அதிகமாக விபூதி பூசியிருந்தார். தானும் நீதிமன்றத்துக்கு வருவதாகவும், பேசியது டிரைவர் இல்லை, தன் வாய்தான் என்பதால் ஜெயிலுக்குப் போவதென்றால் தானே போவதாகவும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நீதிபதி ஓர் அம்மா. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, அதட்டாத குரல். முதலில் கேத்ரினை மட்டும் தன் அறைக்கு அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜ் வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றான். எதிர்ப்பக்கம் விக்னேஷ்வரன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவன் பக்கத்தில் மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்து திடீரென்று பிள்ளையின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பில் இருவருமே ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒரு நொடி கண்ணும் கண்ணும் முட்டிக்கொண்டன. இருவருமே பார்வையை இறக்கிக்கொண்டார்கள்.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வீடியோவை எல்லோருமாகப் பார்த்துவிடலாம் என்றார் நீதிபதி. மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரின் திரையைத் திருப்பி வைத்தார்கள்.

வண்டியின் இரைச்சல். தலைகள். நடுவில் மொக்கைச்சாமியின் முதுகு. "டிரைவர்கிட்ட சொல்லுங்க மாமா, நான் ஓட்டப் பந்தயத்துல மூணாவது." உடனே கண்டக்டரின் குரல், "டிரைவர், பாப்பா ஓட்டப் பந்தயத்துல மூணாவதாம்." டிரைவரின் தலை திரும்பவில்லை. "எத்தன பேரு ஓடுனாங்கன்னு கேளுங்கண்ணே." "எத்தன பேரு ஓடுனீக பாப்பா?" "மூணு பேரு."

வண்டியே கொல்லென்று சிரித்தது. நீதிபதி வாயில் கையை வைத்துக்கொண்டார். தனுஷ்கோடி கறுப்புக் கோட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

அப்போது படம் எடுத்தவன் போனைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பியிருக்க வேண்டும். ஜன்னலோரம் மாரிச்செல்வி தெரிந்தாள். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்களில் நீர் முட்டியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல், யாருக்கும் தெரியக் கூடாதென்று வெளியே திரும்பிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துராஜ் திரையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். இத்தனை சனிக்கிழமையும் தன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்த முகம் இதுவா?

வீடியோ முடிந்தது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதில் தகப்பன் பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசவில்லையே" என்றார். பிறகு விக்னேஷ்வரன் பக்கம் பார்த்து, உங்கள் தங்கைக்கு இந்த மினிபஸ்ஸை விட்டால் வேறு பஸ்ஸே கிடையாதா என்று கேட்டார். அந்த நேரத்துக்கு வேறு வண்டி இல்லை, கட்டாயத்தின் பேரில்தான் இதில் வருகிறாள் என்று விக்னேஷ்வரன் அடித்துச் சொன்னான்.

"இருக்கும்மா."

மெல்லிய குரல். எல்லோரும் திரும்பினார்கள். மாரிச்செல்வி எழுந்து நின்றிருந்தாள்.

"எட்டே முக்காலுக்கு டவுன் பஸ் இருக்கு."

"அரசு டவுன் பஸ்ஸா? அதில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாதே."

"கெடையாதும்மா."

"சும்மா வருகிற பஸ்ஸைப் போகவிட்டு, அரை மணி நேரம் வெயிலில் நின்று, டிக்கெட் எடுத்து இந்த வண்டியில் ஏறுகிறீர்களா? ஏன்?"

மாரிச்செல்வியின் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கின. இரண்டு வருடம் அவள் நெஞ்சுக்குள் அணை கட்டி வைத்திருந்தது அன்றைக்கு உடைந்தது.

"பிள்ளைக்கு ரெண்டு மணி நேரம் பத்தலம்மா. பன்னெண்டு மணி ஆனதும் அந்த ரூம விட்டு வெளிய வாரப்ப அவ மூஞ்சியப் பாக்க முடியல. அம்மாதான் பிரிச்சு வச்சிருக்கான்னு நாளைக்கு நெனைப்பாளோன்னு பயம். இன்னும் செத்த நேரம் குடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. அவிய வண்டியில ஏறுனா அந்தப் பயண நேரமாச்சும் கூடுதலாக் கெடைக்குமேன்னுதான்..." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மனுவுல கையெழுத்துப் போட்டதும் நான்தாம்மா. அண்ணன் மேல குத்தம் இல்ல. பிள்ளை அவிய பக்கமே போயிருவாளோன்னு பயந்து போட்டுட்டேன்."

விக்னேஷ்வரன் தன் கைக்குட்டையை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

நீதிபதி கிறிஸ்துராஜைப் பார்த்தார். அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் தனுஷ்கோடி எழுதிப் படிக்கச் சொல்லியிருந்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பள்ளிக்கூடத்துல இருந்து சொல்லாமக் கூட்டிட்டுப் போனது தப்பும்மா" என்றான். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் கேட்டது அத விடத் தப்பு. அத இன்னைக்கு வரைக்கும் இவகிட்ட சொல்லல."

"சொல்லுங்கள். இவர் இங்கேதானே நிற்கிறார். நடுவில் கண்டக்டர் வேண்டுமா?"

கிறிஸ்துராஜ் திரும்பினான். "தப்பு, செல்வி" என்றான். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

புதிய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மாரிச்செல்வியே சொன்னாள். நீதிபதி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைத்தார். பள்ளிக்கூட நாட்களில் கேத்ரின் அம்மாவிடம். சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை அப்பாவிடம். பரீட்சை விடுமுறையும் மே மாத விடுமுறையும் ஆளுக்குப் பாதி. எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஆஸ்பத்திரி என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். பிள்ளை யாருடைய சொத்தும் இல்லை, இரண்டு பேருடைய பொறுப்பு என்றார் நீதிபதி. அதைச் சொல்லும்போது அவர் பார்வை விக்னேஷ்வரன் வரைக்கும் போய் வந்தது.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். மாரிச்செல்வி தயங்கினாள்.

"பிள்ளைக்கு ஒடம்பு முடியலைன்னா போன எடுக்கணும்மா. அது ஒண்ணு மட்டும் எழுதிருங்க."

வண்டி ஓட்டும்போது போன் தொட முடியாதே என்று கிறிஸ்துராஜ் தவித்துப் போனான். வாசலருகே நின்றிருந்த மொக்கைச்சாமி, யாரும் கேட்காமலேயே, தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். எழுத்தர் நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணாக ஒரு மினிபஸ் கண்டக்டரின் எண் அந்த உத்தரவில் ஏறியது. அன்று முதல் மொக்கைச்சாமி நடக்கும் நடையே மாறிவிட்டதாக ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை மம்சாபுரம் நிறுத்தத்துக்கு எபினேசர் வந்தபோது கேத்ரின் முதல் ஆளாக ஏறினாள். இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், திரும்புகிற நடையில் அப்பாவோடு ராஜபாளையம் வீடு. அப்பாவின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் வாயைத் திறந்தாள். அது மூடவே இல்லை. விழுந்த பல், முளைத்த பல், டீச்சரின் கல்யாணம், நாய்க்குட்டிக்கு வைத்த பெயர், அந்தப் பெயர் அதற்குப் பிடிக்காமல் போனது வரை எல்லாவற்றையும் நேரடியாகச் சொன்னாள். கிறிஸ்துராஜ் ஒவ்வொன்றுக்கும் வாய் விட்டுப் பதில் சொன்னான். கன்னக்குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது.

"ஏலே கிறிஸ்து, அந்தப் பழைய ஆர்டரையே திரும்ப வாங்கிட்டு வந்துரு. காது ரெண்டும் போச்சு" என்றாள் இருளம்மாள். வண்டி சிரித்தது.

பிள்ளையை ஏற்றிவிட்டு மாரிச்செல்வி வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நூல்கண்டு வாங்க வேண்டுமென்று அவளும் ஏறியிருந்தாள். மம்சாபுரத்தில் நூல்கண்டு கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. அவள் இன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, டிரைவர்கிட்ட சொல்லுங்க. சட்டையில ஊக்கோட ஊரச் சுத்த வேண்டாம். நாளைக்குப் பிள்ளைய விட வாரப்ப சட்டையக் கொண்டாரச் சொல்லுங்க."

"ஏம்மா, ஒங்க ரெண்டு பேரையும் பேசக் கூடாதுன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலையே. எனக்கு எப்பத்தான் விடுதலை?"

"சொல்லுங்கண்ணே."

அவர் பெருமூச்சு விட்டபடி முன்னால் வந்து, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கிறிஸ்துராஜின் காதெல்லாம் சிவந்தது.

"ரெண்டு வருசமாக் குத்துதுன்னு சொல்லுங்கண்ணே" என்றான்.

அந்தச் சந்தோஷத்தில் அவன் வாழ்நாளில் முதல் தடவையாக, ரோட்டோரம் கை காட்டிய ஆளைக் கவனிக்காமல் வண்டியை விட்டுவிட்டான். "நிப்பாட்டுங்கப்பா, நம்ம மாமா கை காட்டுதாரு" என்று கேத்ரின் கத்திய பிறகுதான் பிரேக்கில் கால் போனது.

விக்னேஷ்வரன் பைக்கைக் குறுக்கு வழியில் விட்டு முன்னால் வந்து காத்திருந்து, கையைக் காட்டியும் நிற்காமல் போன வண்டியைத் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தான். பிள்ளை வீட்டில் மறந்துவிட்டு வந்த துணிப்பை அவன் கையில். டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாக அதை உள்ளே நீட்டினான். முகம் மட்டும் வேறு பக்கம் பார்த்தது.

"சைடு ஜிப்புல காய்ச்சல் மருந்து இருக்கு" என்றான். பைக்கைத் திருப்பியவன், நின்று, இரண்டு வருடமாகச் சொல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டான். "போன் அடிச்சா கண்டக்டர எடுக்கச் சொல்லுங்க, மாப்ளே."

"எங்கிட்டதான அடிக்கணும், அடிங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார் மொக்கைச்சாமி.